மணல் இல்லைதான், அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றிவிட முடியாது

துருவையும் பழைய பெயின்டையும் நீக்க, கல்லில் எழுத்து பொறிக்க, அழுத்தக் காற்றில் கடினமான பொடியை வேகமாகப் பீய்ச்சுவதைத்தான் எங்கள் தொழிலில் 'அடிப்பது' (பிளாஸ்டிங்) என்கிறோம். முன்பு அதற்கு மணல்; இப்போது அதற்குப் பதிலாகப் போடும் பொடிகளில் ஒன்று சிலிக்கான் கார்பைடு. அடிப்பவர் தலையில் காற்று ஊட்டும் ஹெல்மெட் இருக்கவேண்டும். இந்தச் சிலிக்கான் கார்பைடு பற்றி என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "சார், பேரிலேயே சிலிக்கா இருக்கே, இதை அடிக்கலாமா?" என்ற பயம். இன்னொன்று, "இதுதான் மணல் கிடையாதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய ஹெல்மெட்?" என்ற தைரியம். பயப்படுகிறவரைப் பத்து நிமிடத்தில் தெளியவைத்துவிடலாம். தைரியசாலிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சிலிக்கா என்பது மணலில் இருப்பது. சிலிக்கான் ஒரு தனிமம். சிலிக்கான் கார்பைடு, அந்தத் தனிமமும் கார்பனும் சேர்ந்த வேறொரு பொருள். 1891-ல் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யலாம் என்று முயன்றபோது கையில் கிடைத்தது இது. கார்பனும் கொரண்டம் என்ற கடினமான கனிமமும் கலந்தது என்று நினைத்து 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். அந்த ஊகம் தப்பு, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்றும் மணலையும் பெட்ரோலியம் கோக்கையும் மின் உலையில் 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கித்தான் செய்கிறார்கள். மணலிலிருந்து பிறந்தாலும் வெளியே வரும்போது அது மணல் இல்லை. கத்தி தீட்டும் சாணைக்கற்களில் பலவும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்பு எமரி பேப்பரும் இதே சரக்குதான்.

மணலை ஏன் ஒதுக்கினார்கள்? வேகமாக அடிக்கும்போது மணல் நொறுங்கி, கண்ணுக்கே தெரியாத படிகச் சிலிக்காத் தூசாகிறது. பத்து மைக்ரானுக்கும் குறைவான அந்தத் துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்த் தங்கி அங்கே தழும்பு உண்டாக்கும். அதுதான் சிலிக்கோசிஸ். தழும்பை அழிக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம், காசநோயும் எளிதில் தொற்றும். பிரிட்டன் 1949-ம் ஆண்டு விதிகளிலேயே வார்ப்புகளை மணலால் அடிப்பதை விலக்கியது. துருக்கியில் ஜீன்ஸ் துணிக்குப் பழசான தோற்றம் கொடுக்க மணல் அடித்த இளைஞர்கள் சில வருட வேலையிலேயே நோயில் விழுந்தார்கள். 2009-ல் அங்கே அதைத் தடை செய்தார்கள்.

ஜீன்ஸ் துணியில் சிலிக்கா இல்லை. விஷம் வந்தது அடித்த மணலிலிருந்து. சிலிக்கான் கார்பைடுக்கு மாறும்போது அந்த ஒரு வழியைத்தான் அடைக்கிறோம். அடிபடும் பொருள் அப்படியேதான் இருக்கிறது. அசல் கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ் இருக்கும், அதாவது படிகச் சிலிக்கா. கல்லில் எழுத்து பொறிக்கும் பட்டறைதான் சிலிக்கான் கார்பைடை அதிகம் வாங்கும் இடங்களில் ஒன்று. அங்கே எவ்வளவு சுத்தமான கிரிட்டை (அடிக்கும் பொடியை) நிரப்பினாலும், எழுத்தின் பள்ளத்திலிருந்து பறப்பது கல்தானே? கான்கிரீட்டும் இதே கதைதான். பழைய பாலத்தையோ தொட்டியையோ அடித்தால் ஈயம் கலந்த பெயின்ட் தூசாகிறது, குரோமேட் பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) தூசாகிறது. மூட்டையின் மேல் 'சிலிக்கா இல்லை' என்று அச்சிட்டிருப்பது மூட்டைக்குள் இருப்பதைப் பற்றி மட்டும்தான்.

கல் பொறிக்கும் இடம் ஒன்றுக்கு ஆலோசனைக்காகப் போயிருந்தேன். உருப்படியை உள்ளே வைத்து, சுவரில் பொருத்திய கையுறை வழியாகக் கைவிட்டு அடிக்கும் மூடிய பெட்டிதான் கேபினட். "எங்க கேபினட்ல தூசியே வராது" என்றார் பொறுப்பாளர். விளக்கை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, கேபினட் கதவின் ஓரமாகப் பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். எதிரே நின்று பார்த்தால், ரப்பர் சீல் தேய்ந்திருந்த மூலையிலிருந்து சாம்பிராணிப் புகை போல மெல்லிய இழை ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. கையுறையின் சுண்டுவிரலில் ஓட்டை, அங்கிருந்தும் ஒரு இழை. இயக்கிக்கொண்டிருந்த பையன் மூக்கில் கைக்குட்டை. அந்த இழை நேராக அவன் முகத்துக்குத்தான் போனது. டியூப்லைட் வெளிச்சத்தில் இதில் எதுவுமே தெரியாது. பைசா செலவில்லாத சோதனை, உங்கள் கேபினட்டிலும் இன்றைக்கே செய்து பாருங்கள்.

இனி இந்தக் கிரிட்டின் குணம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஒன்பதுக்கு மேல், வைரத்துக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் எடை குறைவு. அடர்த்தி தண்ணீரைப் போல 3.2 மடங்குதான், இரும்பு கிரிட்டுக்கோ 7.8. அதனால் இது சுத்தியல் மாதிரி இடிப்பதில்லை, உளி மாதிரி சீவுகிறது. கண்ணாடி, கல், செராமிக், டைட்டானியம், கடினப்படுத்திய எஃகு ஆகியவற்றுக்கு இது பிரமாதம். கண்ணாடியில் பனிபடர்ந்த தோற்றம் வேண்டுமா, 120 முதல் 220 வரையிலான எண்ணில், 30 முதல் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடித்தால் போதும். எண் கூடக் கூடக் கிரிட் பொடிசாகும் என்பதைப் புதிதாக வருகிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 24-ம் எண் முக்கால் மில்லிமீட்டருக்குப் பக்கம், 220 அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கடினமானது எல்லாவற்றிலும் உசத்தி என்ற எண்ணத்தோடு துருப்பிடித்த இரும்புத் தகட்டுக்கும் இதையே கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரண எஃகுக்கு கார்னெட் என்ற கனிமப் பொடியோ பழுப்பு அலுமினியம் ஆக்சைடோ தாராளம். சிலிக்கான் கார்பைடு உடைந்து உடைந்து புதுமுனை காட்டும், அதுதான் அதன் வேகம். அந்த உடைசலே சீக்கிரம் பொடியாகித் தூசுப்பையை நிரப்பும். தேவையில்லாத பருமனில் அடித்தால் இன்னொரு தொல்லை. பரப்பில் எழும் முகடுகள் பிரைமரைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், சில வாரத்தில் ஒவ்வொரு முகட்டிலும் ஊசிமுனைத் துரு. பரப்பு எவ்வளவு சுத்தம் என்று ஒப்பிட உதவும் ஐஎஸ்ஓ 8501 தரப் படத்தைப் பக்கத்தில் வைத்து, 'எஸ்ஏ இரண்டரை' என்ற சுத்த அளவு வந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள், முகட்டின் உயரத்தை அளக்க மறந்துவிடுகிறார்கள். பளிச்சென்று இருப்பதும் சரியான சொரசொரப்பும் ஒன்றில்லை.

காற்றும் கிரிட்டும் பீறிட்டு வரும் முனையான நாசிலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. செராமிக் நாசிலை இது தின்றுவிடும். டங்ஸ்டன் கார்பைடுகூட வேகமாகத் தேயும். போரான் கார்பைடு நாசில்தான் தாக்குப்பிடிக்கும். ஆறு மில்லிமீட்டர் துளை எட்டாகப் பெருத்தால் பரப்பு 78 சதவீதம் கூடுகிறது, கம்ப்ரெசர் தரவேண்டிய காற்றும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். கொடுக்க முடியாதபோது அழுத்தம் விழும். உடனே "கிரிட் சரியில்லை" என்று சப்ளையரைத் திட்டுவோம். பாவம் அவர். ஒன்றரை மில்லிமீட்டர் பெருத்துவிட்டால் நாசிலை மாற்றிவிடுவது நல்ல கணக்கு. நான் ட்ரில் பிட்டின் பின்பக்கத்தைச் சொருகிப் பார்த்தே முடிவு செய்கிறேன்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு உருப்படிகளை அடித்து மிச்சமிருந்த கிரிட், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சலித்து எடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பலகைகளுக்கு அதையே போட்டேன். அனுப்பும்போது பலகை வெள்ளி மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் போன் வந்தது. பலகை முழுக்கக் கடுகளவு பழுப்புப் புள்ளிகளாம். கிரிட்டோடு ஒட்டிவந்த இரும்புத் தூள் ஸ்டெயின்லெஸ் பரப்பில் பதிந்து, காற்றிலிருந்த ஈரத்தில் துருவேறியிருந்தது. சல்லடை பருமனைத்தான் பிரிக்கும், இரும்பைப் பிரிக்காது. ஒரு காந்தத்தை விட்டு அலசியிருந்தாலே தெரிந்திருக்கும். அதன் பிறகு ஸ்டெயின்லெஸுக்கு என்று தனி டிரம், தனி மூடி.

அலுமினியம், டைட்டானியம் அடிக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கிரிட் எரியாது, ஆனால் உருப்படியிலிருந்து உதிரும் பொடி எரியும். அலுமினியத் தூசு காற்றில் அடர்ந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். தூசு சேகரிக்கும் பையை நிரம்பும்வரை விட்டுவைப்பதும், ஹோஸை எர்த் செய்யாமல் ஓட்டுவதும் அங்கே விளையாட்டில்லை.

திறந்தவெளியில் அடிப்பவருக்கு வெளியிலிருந்து காற்று ஊட்டும் ஹெல்மெட்தான் சரி. கைக்குட்டை தூசைத் தடுக்காது. மெடிக்கல் ஷாப் முகமூடியும் இந்த அளவு தூசுக்கு எம்மாத்திரம்? அந்தக் காற்றையும் சோதிக்க வேண்டும். எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரெசர் சூடேறினால் கார்பன் மோனாக்சைடு வரலாம், அதற்கு மணமே கிடையாது. வேலை முடிந்ததும் உடுப்பை ஏர்கன்னால் ஊதித் தட்டும் பழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எட்டு மணி நேரம் ஹெல்மெட் போட்டுத் தப்பித்ததை, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு அரை நிமிடத்தில் உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள்.

கேபினட்டில் அடித்து முடித்ததும், எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டிருக்கையில் நூறு வரை எண்ணிவிட்டுத்தான் கதவைத் திறக்கவேண்டும் என்று எங்கள் பையன்களிடம் சொல்லிவைத்திருந்தேன். ஒருநாள் மறைவில் நின்று நானும் சேர்ந்து எண்ணினேன். இருபத்தி மூன்றில் கதவு திறந்தது. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கதவுப் பூட்டில் டைமர் வைத்துவிட்டேன். இப்போது அந்த ஒன்றரை நிமிடமும் என்னைத் திட்டிக்கொண்டே நிற்கிறார்கள்.