ஊடலை: புளூடூத்துக்கு உரிய தமிழ்ச்சொல்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கார்களில் இன்று பாட்டு பெரும்பாலும் செல்பேசியிலிருந்தே ஒலிக்கிறது. செல்பேசிக்கும் காரின் ஒலிக்கருவிக்கும் இடையே கம்பியில்லாமல் பாட்டைக் கொண்டுசேர்க்கும் நுட்பத்தைப் பேச்சில் எல்லோரும் புளூடூத் என்கிறோம். எழுத்தில் அது நீலப்பல் என்றும் ஊடலை என்றும் இருவகையாக வருகிறது. இரண்டில் ஊடலையே தகுந்த சொல் என்பது என் துணிபு.

புளூடூத் என்பது ஒரு மன்னரின் பட்டப்பெயர். 10ஆம் நூற்றாண்டில் டேனியர்களை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த ஹரால்டு என்னும் அரசரை அந்நாட்டார் நீலப்பல்லர் என்று அழைத்தனர். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் குறுந்தொலைவு வானொலி நுட்பம் உருவாகிவந்தபோது, இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் அம்மன்னரின் பெயரை 1997இல் தற்காலிகமாக முன்மொழிந்தார். பிறகு எண்ணிய பெயர்கள் கைகூடாததால் தற்காலிகப் பெயரே நிலைத்துவிட்டது. செல்பேசித் திரையில் நாம் காணும் சின்னமும் ஹரால்டின் பெயருக்கும் பட்டத்துக்கும் உரிய இரண்டு முதலெழுத்துகளை ரூனிக் என்னும் பழைய ஐரோப்பிய எழுத்துமுறையில் பிணைத்ததே. பழைய நோர்ஸ் மொழியில், அதாவது ஸ்காண்டிநேவியரின் முன்னோர் பேசிய மொழியில், அந்த நீலம் கருமையையும் குறித்தது. நீலமேனி என்று கரிய மேனியைச் சொல்லும் நமக்கு, அதிலும் நீலகிரியில் வாழ்பவர்களுக்கு, இது எளிதில் விளங்கும்.

ஆனாலும் நீலப்பல் என்பது பொருந்தாது. கரிகாலன் பெயரைத் தாங்கிய ஒரு கருவியை வேற்று மொழியார் 'கருகிய கால்' என்று பெயர்த்தால் அவர்களுக்கு என்ன விளங்கும்? பட்டப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் கருவி என்ன செய்கிறது என்பது தெரிவதில்லை.

ஊடலை அதைத் தெரிவிக்கிறது. ஊடு என்றால் இடை, நடு. கூடலூர்ப் பக்கம் தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடியை ஏற்றி அதை ஊடுபயிர் என்கிறோம். ஊடகம், ஊடுருவல் என்பனவும் இவ்வேரிலிருந்து வந்தவையே. ஊடு என்பதன் ஈற்று உகரம் கெட்டு, அலையோடு சேர்ந்து ஊடலை ஆயிற்று. ஊடல் என்னும் சொல் இரண்டாம் வேற்றுமையில் ஊடலை என்றே வருவதால் குழப்பம் நேரும் என்பார் உண்டு. 'ஊடலை இணைப்பு', 'ஊடலை வழியே' என்று எழுதும் இடத்தில் அந்த ஐயம் எழாது.

இருகருவிகளுக்கு இடைப்பட்ட அலை என்னும் இப்பொருளைப் பிடித்துக்கொண்டால் காரில் ஒலி கெடும் இடமும் புலப்படும். கல்லட்டிச் சாலையின் 36 கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது இணையம் வழியே வரும் பாட்டு நின்றுவிட்டால் பலரும் புளூடூத்தையே குறைசொல்கிறார்கள். செல்பேசிக் கோபுரத்திலிருந்து செல்பேசிக்கு வருவது ஒரு வழி. செல்பேசியிலிருந்து காருக்குச் செல்வது வேறொரு வழி. ஊடலை இரண்டாவது வழி மட்டுமே. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் நொடிக்கு 1,600 முறை வரை அலைவரிசை மாறித் தாவியபடி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்; அறுந்தது முதல் வழி. ஊட்டியிலேயே பாட்டுகளை உயர்தரத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் மசினகுடிவரை தடையின்றிக் கேட்கலாம்.

ஊடலையின் உண்மையான குறுக்கம் வேறிடத்தில் இருக்கிறது. குறுந்தகட்டில் நொடிக்கு 1,411 கிலோபிட் அளவில் இருக்கும் இசை, ஊடலையில் ஏறுமுன் சுருக்கப்படுகிறது. இதைச் செய்யும் நிரலைக் கோடெக் என்கிறோம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி கோடெக்கின் உயர்தர அமைப்பு ஏறத்தாழ 328 கிலோபிட். சோனியின் எல்டாக் 990 கிலோபிட் வரை செல்லும். செல்பேசி, கார் இரண்டும் அறிந்த கோடெக்கே இயங்கும் என்பதால் செல்பேசியை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கோத்தகிரியில் நண்பர் ஒருவரின் காரில் பாட்டு மங்கலாகவும் இரைச்சலோடும் கேட்டது. ஊடலையில் அவ்வளவுதான் வரும் என்று பொருத்தியவர் சொல்லியிருந்தார். பார்த்தபோது செல்பேசியின் ஒலியளவு பாதியில் நிற்க, காரின் குமிழ் முழுதும் திருகியிருந்தது. மெலிந்த ஒலியை இரைச்சலோடு சேர்த்துக் கார் பெருக்கிக்கொண்டிருந்தது. செல்பேசியை ஏறத்தாழ முழு அளவுக்கு உயர்த்திக் குமிழைக் குறைத்தோம். நாதஸ்வரத்துக்குப் பின்னால் தவிலின் அடி தனித்துக் கேட்டது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கிய மெல்லிய ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. அது ஊடலையால் வந்ததன்று. அந்தப் பழைய காரில் ஊடலையைப் பெறும் ஏற்பியின் கம்பி, வெளிக்கருவியின் ஒலியைச் சேர்க்கும் ஆக்ஸ் துளையிலும், அதற்கான மின்சாரம் காரின் சார்ஜரிலும் இருந்தன. இரண்டும் காரின் ஒரே மின்கலத்தில் சேர்ந்து மின்வளையமாகி, எஞ்சினின் இரைச்சலை ஒலியில் ஏற்றின. சார்ஜரைக் கழற்றி, ஏற்பியை அதன் சொந்த மின்கலத்தில் ஓடவிட்டதும் ரீங்காரம் அடங்கியது.