சொல் விளக்கம்: ரீபுரொடியூசிபிள் ஆய்வு

எம்ஆர்ஐ ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கும் நம் பிள்ளைகள் முதலில் முட்டிக்கொள்ளும் சொற்களில் ஒன்று 'ரீபுரொடியூசிபிள்'. அகராதியைத் திறந்தால் அதன் அருகில் கண்ணில் படுவது இனப்பெருக்கம். அது உயிரியல் பாடத்துக்குச் சரி. ஆய்வு முறைக்கு ஒட்டவே ஒட்டாது.

வேர் லத்தீன். 'ரீ' என்றால் மறுபடி, 'புரோ' என்றால் முன்னே, 'டூசெரே' என்றால் நடத்திச் செல். மறுபடியும் முன்னே கொண்டுவருதல் என்பது மூலப்பொருள். ஆய்வுக் கட்டுரையோடு தரவும் கணினி நிரலும் சேர்ந்து வர வேண்டும், படிப்பவர் அதே முடிவைத் தாமே எடுத்துப் பார்க்க முடிய வேண்டும் என்ற இன்றைய பொருளுக்கு அழுத்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் புவி இயற்பியலாளர் ஜான் கிளேர்பவுட். 1992-இல் அவரும் உடன் ஆய்வாளரும் இதைப் பற்றி எழுதினார்கள்.

அளவியலில் இதற்கு ஓர் இரட்டைப்பிறவி உண்டு: 'ரிப்பீட்டபிலிட்டி'. அதே கருவி, அதே ஆள், அதே இடம், சற்று நேரம் கழித்து அளந்தாலும் ஒத்துவருவது அது. இடம், ஆள், கருவி எல்லாம் மாறிய பிறகும் ஒத்துவந்தால்தான் 'ரீபுரொடியூசிபிலிட்டி'. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். பால் ஸ்டோரில் கிராணி (தோட்டத்து எழுத்தர்), பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் மிதவையை இரண்டு முறை முக்கி, இரண்டு முறையும் ஒரே எண்ணைப் படிக்கலாம். அதே பாலை வேறு தோட்டத்து ஸ்டோரில் அளந்தால் என்ன வரும் என்பது தனிக் கேள்வி. பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்து அளந்தார்கள் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது, கூலியோ அந்த எண்ணில்தான் நின்றது.

எம்ஆர்ஐயில் சிக்கல் இன்னும் பெரிது. படத்தைக் கண்ணால் பார்த்துக் கட்டி இருக்கிறதா என்று சொல்வது ஒன்று. திசுவின் இயல்பை எண்ணாக அளப்பது வேறு. 'டி1' என்பது அப்படி ஓர் எண். ரேடியோ அலையால் நிலை குலைந்த ஹைட்ரஜன் அணுக்கருக்கள் காந்தப்புலத்தின் திசைக்கு எவ்வளவு வேகமாகத் திரும்புகின்றன என்பதை அது காட்டும். காந்தப்புல வலிமை 3 டெஸ்லா உள்ள கருவியில் ஆரோக்கியமான மூளையின் வெள்ளைப்பொருளுக்கு வெளியான டி1 மதிப்புகள் 700 மில்லிவினாடிக்கு அருகிலிருந்து 1100 வரை சிதறிக் கிடக்கின்றன. இவ்வளவு இடைவெளிக்குப் பெரிய காரணம் அளக்கும் முறைகள்தான். இங்கிருந்து ஒருவர் ஈப்போவில் ஒரு ஸ்கேனும் பிறகு கோலாலம்பூரில் இன்னொரு ஸ்கேனும் எடுத்தால், அந்த இரண்டு எண்களின் வித்தியாசம் நோயால் வந்ததா, கருவியால் வந்ததா? தோட்டப்புறத்து நோயாளிகள் பெரிய மருத்துவமனைக்காக ஊர் மாறிப் போகிறவர்கள். அவர்களுக்காகவாவது இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும் என்பது என் எண்ணம்.

எந்த ரேடியோ துடிப்பை எப்போது அனுப்புவது, எந்தக் காந்தச் சரிவை எவ்வளவு நேரம் வைப்பது என்ற கட்டளை வரிசைக்கு 'பல்ஸ் சீக்குவென்ஸ்' என்று பெயர். தமிழில் துடிப்புத் தொடர் எனலாம். ஒவ்வொரு கருவித் தயாரிப்பாளருக்கும் இதை எழுதத் தனித்தனி மென்பொருள் சூழல், அதைத் தொட ஆய்வு ஒப்பந்தம். ஒரு கருவிக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. இந்தப் பூட்டைத் திறக்க வந்ததுதான் 'பல்செக்'. ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2017-இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. துடிப்புத் தொடர் முழுவதும் ஓர் எளிய எழுத்துக் கோப்பாக இருக்கும். அதைப் படிக்கும் நிரல் இருந்தால் வெவ்வேறு நிறுவனக் கருவிகள் அதையே இயக்கும். பைத்தான் மொழியில் எழுத 'பைபல்செக்' 2019-இல் வந்தது.

பகிர்ந்தால் மட்டும் போதாது, சரிபார்க்கவும் வேண்டும். அதற்கு உதவுவது 'ஃபேன்டம்': நோயாளிக்குப் பதிலாகக் கருவிக்குள் வைத்து அளக்கும் பொருள். தோற்றம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் வழி வந்த இச்சொல்லுக்கு நான் 'சோதனை உரு' என்று எழுதுவேன். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்டும் அனைத்துலகக் காந்த ஒத்ததிர்வுச் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய சோதனை உருவில் சிறுசிறு உருண்டைகள் இருக்கும். டி1-க்கு நிக்கல் குளோரைடு கரைசல், டி1 போலவே அளக்கப்படும் இன்னோர் எண்ணான டி2-க்கு மாங்கனீசு குளோரைடு கரைசல். மதிப்பு முன்பே தெரிந்ததால் கருவி தவறினால் தெரிந்துவிடும். அந்தச் சங்கத்தின் ஆய்வுக் குழுக்கள் நடத்திய 'டி1 அறைகூவல்' என்ற கூட்டு முயற்சியில் பல இடங்களைச் சேர்ந்தவர்கள், முன்பே வெளியான ஒரே செய்முறையைப் பின்பற்றி இத்தகைய உருவை அளந்தார்கள். ஒரே குழுவின் அளவீடுகளுக்குள் இருந்த சிதறலைவிடக் குழுக்களுக்கு இடையிலான சிதறல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டுரையில் எழுதிவைத்த செய்முறை மட்டும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை இது காட்டிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலர் 'மீளுருவாக்கம்' என்கிறார்கள். மற்ற துறைகளில் அது போகட்டும். எம்ஆர்ஐயில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது: கருவி தரும் மூலச் சமிக்ஞையிலிருந்து படத்தைக் கணக்கிட்டு எடுப்பதுதான் படிம மீளுருவாக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் 'மீளுருவாக்க நிரலைப் பகிர்ந்தோம்' என்ற வாக்கியத்தில் எது என்று புரியாது. 'மீள்தன்மை'யும் ஆகாது, ரப்பர் இழுபட்டுத் திரும்புவதற்கு அதைப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டோம்.

ஆய்வை நிகழ்த்துகிறோம் என்று இயல்பாகவே சொல்கிறோம். ஆகவே 'மறுநிகழ்த்தத்தக்க ஆய்வு' பொருந்துகிறது. நீளம்தான், ஆனால் கேட்டதும் புரியும். பெயர்ச்சொல்லாக 'மறுநிகழ்த்தல்'. இரட்டைப்பிறவியான ரிப்பீட்டபிலிட்டிக்கு 'மறு அளவு ஒப்புமை'. 'ஓப்பன் சோர்ஸ்' என்பதற்குத் 'திறமூலம்' ஏற்கெனவே நிலைத்துவிட்டது, மாற்ற வேண்டியதில்லை.

வாக்கியத்தில்: 'துடிப்புத் தொடரையும் படிம மீளுருவாக்க நிரலையும் திறமூலமாக வெளியிட்டு, மூன்று மருத்துவமனைகளில் சோதனை உருவை அளந்து, ஆய்வு மறுநிகழ்த்தத்தக்கதா என்று சரிபார்த்தோம்.'