ஷட்டர் ‘கிளிக்’ என்கிறது சரி, படம் விழுமா?

மறுபடியும் அதே கதை. ஆன்லைனில் வாங்கிய பழைய ஃபிலிம் எஸ்எல்ஆர் (உள்ளே இருக்கும் கண்ணாடி மூலம் லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா). விளம்பரத்தில் ‘ஷட்டர் வேலை செய்கிறது, கண்டிஷன் சூப்பர்’ என்று போட்டிருந்தார்கள். வாங்கியவர் அதை நேராகப் பயணத்துக்கு எடுத்துப்போய் மூன்று ரோல் சுட்டிருக்கிறார். வெயிலில் எடுத்த படங்களில் எல்லாம் ஒரு ஓரம் கும்மிருட்டு. அதற்கப்புறம்தான் கேமரா ரிப்பேர் மேசைக்கு வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியமும் ஒன்றுதான்: “சத்தம் நல்லாத்தானே கேட்குது?”

அந்தச் சத்தத்தைப் பற்றி முதலில் பேசித் தீர்த்துவிடுவோம். நீங்கள் கேட்பதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் கண்ணாடியுடையது. மேலே போய் மோதி, திரும்பக் கீழே விழும் சத்தம் அது. ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் ஒழுங்காக ஓடியதா இல்லையா என்பது அதில் தெரியாது.

பென்டாக்ஸ் கே1000, கேனன் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1 மாதிரிக் கேமராக்களில் இரண்டு துணித் திரைகள் பக்கவாட்டில் ஓடும். முதல் திரை திறந்துகொண்டே போகும், இரண்டாவது மூடிக்கொண்டே பின்னால் வரும். 1/1000 செகண்ட் வேகத்தில் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். 40, 50 வருஷத்து கிரீஸ் இறுகிப்போய், முதல் திரை வழியில் ஒரு மில்லிசெகண்ட் பின்தங்கினால் போதும். இரண்டாவது அதை எட்டிப் பிடித்துவிடும், இடைவெளி மூடிக்கொள்ளும், மீதி ஃபிரேமுக்கு வெளிச்சமே கிடையாது. கண்ணாடி வழக்கம்போல ஏறி இறங்கும். சத்தமும் வழக்கம்போல வரும். 1/60-இல் இந்தக் குறை தெரியாது. வெயிலில் 1/1000 வைக்கும்போது மாட்டும். நெகட்டிவில் அந்தப் பகுதி ஒன்றும் பதியாமல் தெளிவாக இருக்கும், பிரிண்டில் கறுப்பாக வரும். லேபைத் திட்டாதீர்கள், பாவம்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஃபிலிம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு லென்ஸைக் கழற்றுங்கள், பின்கதவைத் திறங்கள். முன்பக்கத்தை வெளிச்சமான ஜன்னலுக்கோ வெள்ளை விளக்குக்கோ காட்டி, பின்பக்கம் வழியாகப் பார்த்தபடி 1/1000-இல் ஷட்டரை விடுங்கள். ஒரு கணம் முழுச் செவ்வகமும் சீராக வெளிச்சமாகத் தெரிய வேண்டும். ஒரு ஓரம் மங்கினாலோ இருண்டாலோ அந்தக் கேமராவுக்கு சர்வீஸ் தேவை. பத்துப் பதினைந்து முறை விட்டுப் பாருங்கள். நாள்கணக்கில் சும்மா கிடந்த ஷட்டர் முதல் சில முறை மட்டும் முரண்டு பிடிக்கும். உங்கள் படம் அந்த முதல் முறையில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மெதுவான வேகங்களையும் விடாதீர்கள். 1 செகண்டில் வைத்து ஷட்டரை விட்டால் உள்ளே பல்சக்கரம் ஓடும் சத்தம் தடையில்லாமல் வர வேண்டும் (முழுக்க மெக்கானிக்கல் கேமராக்களைச் சொல்கிறேன்). நடுவில் இழுத்துக்கொண்டு நின்றாலோ, திரை திறந்தபடியே இருந்தாலோ எண்ணெய் கெட்டியாகிவிட்டது. ஃபோனில் 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்: 1/30 என்றால் ஏறக்குறைய 8 ஃபிரேமில் வெளிச்சம் தெரியும், 1/8 என்றால் 30. 1/125-க்கு மேல் இந்த முறையை நம்பாதீர்கள்.

நிக்கான் எஃப்எம்2 போன்றவற்றில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய உலோகத் தகடுகள். அவற்றில் எண்ணெய்க் கறை தெரிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று அர்த்தம். ஃபிலிம் மாட்டும்போது அதில் விரலை ஊன்றுகிறவர்களும், டப்பாக் காற்றை (தூசி ஊதும் ஸ்ப்ரே) நேராக அதன்மேல் அடிக்கிறவர்களும்தான் அவற்றை வளைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் இடம்) தூசி இருப்பதைப் பார்த்து நல்ல கேமராவை வேண்டாம் என்று விடுகிறார்கள். அந்தத் தூசி படத்தில் விழாது! அதற்காக ஃபோகஸிங் ஸ்க்ரீனை (கண்ணாடிக்கு மேல் காட்சி விழும் மெல்லிய திரை) டிஷ்யூவால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும்.

அடுத்து ஃபோம். பின்கதவின் ஓரப் பள்ளங்களிலும் கீல் பக்கத்திலும் வெளிச்சத்தைத் தடுக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டியிருப்பார்கள். கண்ணாடி மோதும் இடத்திலும் ஒரு பட்டை உண்டு. காலப்போக்கில் அது தாராக உருகும். பல்குத்தும் குச்சியால் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் படத்தில் செம்மஞ்சள் கீற்றுகள் வரும். இதை வீட்டிலேயே செய்யலாம்: ஷட்டருக்கு மேல் காகிதம் மூடி, மரக்குச்சியும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் வைத்துப் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பள்ளங்களில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டுங்கள். தடிமன் கூடினால் கதவு மூடாது. ஓஎம்-1 வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் பிரிஸத்தை (காட்சியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடிக் கட்டி) ஒட்டி இருக்கும் ஃபோமும் உருகி வெள்ளிப்பூச்சைத் தின்றுவிடும். வியூஃபைண்டரில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் அதுதான்.

பேட்டரி அறையைத் திறக்காமல் காசு கொடுக்காதீர்கள். பச்சையோ வெள்ளையோ உப்புப் பூத்திருந்தால், வெளியே துடைத்தால் போயிற்று என்று விற்பவர் சொல்லலாம். கசிந்தது ஒயர் வழியாக உள்ளே ஏறியிருக்கும். ஏஇ-1-க்கு 6 வோல்ட் 4எல்ஆர்44 இல்லாவிட்டால் ஷட்டரே விடாது, ஆகவே பேட்டரியைக் கையோடு கொண்டு போங்கள். கே1000-க்கு ஒரு எல்ஆர்44, அதுவும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். மினோல்டா எக்ஸ்-700 புது பேட்டரியிலும் ஷட்டர் விடவில்லையா? பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும்.

ஓஎம்-1, கேனன் எஃப்டிபி, மினோல்டா எஸ்ஆர்டி-101 ஆகியவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அந்த பேட்டரி இப்போது கிடையாது. அதே அளவில் 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் முள் அசையும், அசைவதை வைத்து மீட்டர் சரி என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுவிடும். காதுகேள் கருவிக்கான 675 சிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், அளவு சிறியது, ஒரு வளையம் வைத்து மாட்டலாம். எதைப் போட்டாலும் ஃபோன் மீட்டர் ஆப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

லென்ஸைக் கழற்றி, துளையை (வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் அபர்ச்சர்) முழுதாகத் திறந்து பின்பக்கம் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசி கவலையில்லை. சிலந்தி வலை மாதிரி இழைகள் என்றால் பூஞ்சை. ஒட்டுமொத்தமாகப் பால் படர்ந்தது போலிருந்தால் படம் சப்பென்று இருக்கும். பிறகு துளையைச் சிறிதாக்கி எஃப்/16-இல் வைத்துப் பின்னாலிருக்கும் லீவரைத் தட்டுங்கள். இதழ்கள் டக்கென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது. இன்னொன்று, கேனன் எஃப்டி லென்ஸ் ஈஓஎஸ் கேமராவில் ஏறாது. மவுண்ட்டை (லென்ஸ் மாட்டும் வளையம்) பார்க்காமல் லென்ஸ் வாங்கிக் குவிப்பவர்களை என்ன சொல்ல!

இறுகிய எதன்மேலும் டபிள்யூடி-40 அடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அன்றைக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும், பிறகு அது பரவி ஷட்டர், லென்ஸ் இதழ் என்று எல்லா இடத்திலும் படியும். அப்படி வரும் கேமராவைக் கழுவி எடுப்பது சாதாரண சர்வீஸைப் போல இரண்டு மடங்கு வேலை. செல்ஃப் டைமரையும் சும்மா இருந்து இழுக்காதீர்கள். பழைய கேமராவில் அது பாதியில் நின்றால் ஷட்டரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

கேமரா நன்றாக இருந்தும் வெறும் ரோல் வருவது மாட்டும் விதத்தால். கவுண்டர் ஓடுவதை நம்பாதீர்கள், ஃபிலிமே இல்லாவிட்டாலும் அது ஓடும். கதவை மூடியதும் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றித் தொய்வை எடுத்துவிட்டு லீவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் குமிழ் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபிலிம் கோர்க்கவில்லை. 36 ரோலில் கவுண்டர் 40-ஐத் தாண்டினாலும் அதுவேதான். மாறாக, முடிவில் லீவர் இறுகினால் பலம் காட்டாதீர்கள், ஃபிலிம் ஓரத்துத் துளைகள் கிழியும். அடியிலிருக்கும் சின்னப் பட்டனை அழுத்திவிட்டு ரீவைண்ட் குமிழைச் சுற்றுங்கள். இழுவை விட்டு இலகுவாகும்வரை கதவைத் திறக்கக் கூடாது. ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) டயலையும் கையால் வைக்க வேண்டும்; அதைக் கேமராவுக்குத் தானே சொல்லும், ஃபிலிம் டப்பாவின் டிஎக்ஸ் குறியீடு 1983-இல் வந்தது, அதற்கு முந்தைய கேமரா ஃபிலிமை அடையாளம் காணாது.

முதல் ரோல் சோதனைக்கு. திரும்ப எடுக்க முடியாத எதையும் அதில் எடுக்காதீர்கள். 24 படக் கலர் நெகட்டிவ் ஒன்று போதும், ஸ்லைடு ஃபிலிம் வேண்டாம். வெளிச்சம் மாறாத வெள்ளைச் சுவர் ஒன்றை 1/1000-இலிருந்து 1/30 வரை, ஒவ்வொரு படிக்கும் துளையைச் சரிசெய்துகொண்டு எடுங்கள். எந்த ஃபிரேமுக்கு எந்த வேகம் என்று எழுதி வையுங்கள். ஸ்கேனர் வெளிச்ச வித்தியாசத்தைத் தானே சமன் செய்துவிடும் என்பதால், லேபில் ஸ்கேன் மட்டும் வாங்காமல் நெகட்டிவைத் திரும்பக் கேளுங்கள். அடர்த்தி எல்லா ஃபிரேமிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கேமராவை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது அந்த நெகட்டிவையும் குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.