270-ஆவது தேர்வாளர் எந்த மாநிலத்தில் இருக்கிறார்?

கலிபோர்னியாவுக்கு, மக்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் 54 பேர் இருக்கும்போது, 2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிசும் டொனால்ட் டிரம்பும் 19 தேர்வாளர்களே உள்ள பென்சில்வேனியாவை ஏன் சுற்றிச் சுற்றி வந்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி விடை எளிது. மொத்தத் தேர்வாளர்கள் 538 பேர். 270 பேரைப் பெற்றவர் அதிபர். மேய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக மற்ற எல்லா மாநிலங்களிலும் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேர்கிறார்கள். எனவே, முடிவு முன்பே தெரிந்த கலிபோர்னியாவில் இன்னும் பத்து லட்சம் வாக்குகளைத் திரட்டினாலும் பயனில்லை.

அப்படியானால் போட்டி மிக நெருக்கமாக உள்ள மாநிலத்தில்தானே பணத்தைக் கொட்ட வேண்டும்? இல்லை என்பதுதான் இந்தக் கணக்கின் அழகு. டிரம்ப் வென்ற மாநிலங்களை, வாக்கு வித்தியாசம் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அடுக்கித் தேர்வாளர்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஐயத்துக்கு இடமில்லாத மாநிலங்களில் அவருக்கு 219 பேர். அரிசோனாவின் 11 பேரைச் சேர்த்தால் 230, வட கரோலினாவுடன் 246, நெவாடாவுடன் 252, ஜார்ஜியாவுடன் 268. இன்னும் இரண்டு பேர் குறைகிறார்கள். அடுத்து நிற்கும் பென்சில்வேனியா சேர்ந்ததும் 287 ஆகிவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் போட்டி இன்னும் நெருக்கமாக இருந்தது. ஆனால் அவ்விரண்டையும் இழந்திருந்தாலும் டிரம்ப் அதிபராகியிருப்பார். 270-ஆவது தேர்வாளரைத் தருகிற மாநிலமே திருப்புமுனை மாநிலம்.

தேர்தலுக்கு முன்பு இந்த வரிசை யாருக்கும் தெரியாது. ஆகவே பிரசாரக் குழுக்களின் புள்ளியியலாளர்கள், கருத்துக்கணிப்புகளின் பிழைகளையும் கணக்கில் கொண்டு, கணினியில் ஆயிரக்கணக்கான முறை தேர்தலை நடத்திப் பார்த்து, எத்தனை முறை எந்த மாநிலம் திருப்புமுனையாக அமைகிறது என்று எண்ணுகிறார்கள். இங்கே உயிர்நாடியான செய்தி, மாநிலங்களின் பிழைகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது. பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஒவ்வொன்றிலும் ஒருவர் தோற்க ஐந்தில் ஒரு வாய்ப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றும் தொடர்பற்றவை என்றால் மூன்றிலும் தோற்கும் வாய்ப்பு 125-இல் 1 மட்டுமே. மூன்றையும் ஒரே காற்று அசைக்கிறது என்றால் அது 5-இல் 1 வரை உயர்ந்துவிடும். 2016-இல் இதுதான் நடந்தது. பல மாநிலக் கருத்துக்கணிப்புகள் கல்லூரிப் படிப்பு இல்லாத வாக்காளர்களை உரிய விகிதத்தில் கணக்கிடாததால், ஒரே திசையில் தவறின. வேட்பாளரான பின் விஸ்கான்சினுக்கு ஒருமுறைகூடச் செல்லாத ஹிலாரி கிளின்டன், அங்கே 22,748 வாக்குகளிலும், மிச்சிகனில் 10,704 வாக்குகளிலும், பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 44,000 வாக்குகளிலும் தோற்றார்.

இந்தப் பிணைப்பு புரிந்தால், 40 தேர்வாளர்களைக் கொண்ட டெக்சாஸின் மீது ஹாரிசின் ஜனநாயகக் கட்சி ஏன் பெருந்தொகையைப் பந்தயம் கட்டுவதில்லை என்பதும் புரியும். டெக்சாஸ் அவர்கள் பக்கம் சாயும் அளவுக்குக் காற்று வீசினால், அதற்கு வெகு முன்பே பென்சில்வேனியா கைக்கு வந்திருக்கும். டெக்சாஸ் வெற்றியைப் பெருக்கிக் காட்டுமே தவிர, வெற்றியைத் தராது.

இதன் பிறகுதான் செலவுக் கணக்கு வருகிறது. தொலைக்காட்சி விளம்பரத்தை மாநில வாரியாக வாங்க முடியாது; ஒளிபரப்புச் சந்தை, அதாவது ஒரு நகரின் தொலைக்காட்சி நிலையங்கள் எட்டும் பகுதி, வாரியாகத்தான் வாங்க வேண்டும். பென்சில்வேனியாவின் பிலடெல்பியா சந்தையில் விளம்பரம் செய்தால், பயனில்லாத நியூ ஜெர்சி, டெலவேர் பார்வையாளர்களுக்கும் சேர்த்தே பணம் கட்ட நேரிடும். தேறாத இடத்திலிருந்து விலகுவதும் இதே கணக்கில் அடங்கும்: 2008 அக்டோபர் தொடக்கத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் மிச்சிகனைக் கைவிட்டு, ஆட்களையும் பணத்தையும் வேறு மாநிலங்களுக்குத் திருப்பினார்.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும், ராசியான மாநிலம் என்ற நம்பிக்கை ஊடகங்களை விட்டபாடில்லை. 1964 முதல் 2016 வரை ஒகையோவில் வென்றவரே அதிபரானார். 2020-இல் அங்கே டிரம்ப் வென்றார், பைடன் அதிபரானார். ஐம்பது மாநிலங்கள் இருக்கும்போது ஏதேனும் ஒன்றிரண்டு தற்செயலாகவே நீண்ட காலம் சரியாக அமைந்துவிடும். இதை விவாதிக்கும் நேரத்தில், மாநில அளவிலான தரமான பொதுக் கருத்துக்கணிப்புகளுக்கு நிதி கேட்டுக் குரல் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. கட்சிகள் தமக்கென எடுக்கும் துல்லியமான கணிப்புகள் மக்கள் பார்வைக்கு வருவதே அரிது.

ஒற்றைத் தேர்வாளருக்காகவும் போர் நடக்கும். ஹாரிசின் உறுதியான மாநிலங்களோடு, தொகுதி வாரியாகத் தேர்வாளர்களைப் பிரிக்கும் நெப்ராஸ்காவின் ஒமாகா தொகுதியையும் சேர்த்தால் 226. அதோடு பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் சேர்ந்தால் மிகச் சரியாக 270. ஒமாகா இல்லாவிட்டால் 269-269 என்ற சமநிலை. அப்போது நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் மாநிலத்துக்கு ஒரு வாக்கு வீதம் அதிபர் தேர்ந்தெடுக்கப்படுவார். அதனால்தான் 2024 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் முறையையே மாற்ற டிரம்பின் குடியரசுக் கட்சியினர் முயன்றார்கள். மாநிலச் சட்டமன்றத்தில் போதிய ஆதரவு கிடைக்காமல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. நவம்பரில் ஒமாகாவை ஹாரிஸ் வென்றார். மற்ற மூன்று மாநிலங்களும் டிரம்ப் பக்கம் போயின.