காரில்தானே போகிறோம்?

ஜூன் பிறந்தால் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் தமிழ் கேட்கத் தொடங்கும். பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்காக ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களைப் பிள்ளைகள் காரில் ஏற்றி லாஸ் வேகஸுக்கு அழைத்து வருவார்கள். ஒரு நாள் விளக்கு அலங்காரம், ஒரு நாள் ஹூவர் அணை, ஒரு நாள் சிவப்புப் பாறை, அதாவது ரெட் ராக் கேன்யன். பெரும்பாலும் அந்த மூன்றாம் நாளில்தான் அவர்களை நான் சந்திக்கிறேன்.

சென்ற கோடையில் ஒரு பிற்பகல் வந்தவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது அறுபத்தெட்டு. எழுந்து நின்றதும் கண் இருட்டி, காரின் கதவைப் பிடித்தபடியே சரிந்திருக்கிறார். படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 100ஐ ஒட்டி இருந்தது. உட்கார வைத்ததும் 84. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகன் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "அப்பாவுக்கு வியர்க்கவே இல்லையே டாக்டர். வெயிலிலும் அதிகம் நிற்கவில்லை. காரில்தானே போனோம்."

அவர் அணிந்திருந்தது கருநீலச் சட்டை. முதுகிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாக வளையங்கள். தொட்டுப் பார்த்தேன், கஞ்சி போட்டதுபோல் மொடமொடவென்று இருந்தது. நான் தூத்துக்குடிக்காரி. உப்பளப் பாத்தி காயும்போது வரப்போரம் எப்படிக் கோடு விழும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மனிதர் காலையிலிருந்து வியர்த்துக் கொட்டியிருக்கிறார். வியர்வைதான் யார் கண்ணிலும் படவில்லை.

ஊர் வெயிலில் பழகியவர்கள் ஏமாறும் இடம் இது. நம் கடற்கரை ஊர்களில் காற்றே ஈரம். வியர்வை காயாமல் உடம்பில் வழியும், கசகசக்கும், சட்டை ஒட்டும். போதும் போதும் என்று நிழல் தேடி ஓடுவோம். லாஸ் வேகஸ் இருக்கும் மொஹாவே பாலைவனத்தில் ஜூன் மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம். வியர்வை தோலுக்கு வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் 40 டிகிரியிலும் "அப்படி ஒன்றும் புழுக்கமில்லையே" என்று தோன்றும். உண்மைதான், புழுக்கமில்லை. குடம் மட்டும் காலியாகிக்கொண்டிருக்கும். இந்த வெயிலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம்.

காரில் குளிர்சாதனம் இருக்கிறதே என்பார்கள். ரெட் ராக் கேன்யன் நகரத்திலிருந்து வெறும் 17 மைல். உள்ளே போகும் சாலை 13 மைல் சுற்று, ஒருவழிப் பாதை. படம் பார்ப்பதுபோல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போகும் சாலை அல்ல அது. முதல் திருப்பத்திலேயே காலிகோ குன்றுகள் எழுந்து நிற்கும். இரும்புத் துரு ஏறிய மணற்பாறை, அரைத்த குங்குமத்தை அள்ளி அப்பியதுபோல். பார்த்ததும் இறங்கத்தான் தோன்றும். எனக்கே தோன்றும். கொஞ்சம் தள்ளிப் போனால் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை சிவப்புப் பாறையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். வயதில் மூத்த பாறை இளைய பாறையின்மேல் ஏறிய அந்தப் புவியியல் பிளவைக் காண உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆக, எட்டு இடத்தில் நிறுத்தம், ஒவ்வொன்றிலும் கால் மணி நேரம், கூடவே குடும்பப் படம். கூட்டிப் பாருங்கள், நண்பகலில் இரண்டு மணி நேரம். நடுவே ஏதாவது ஆகிவிட்டால் காரைத் திருப்ப முடியாது. மீதிச் சுற்றை முடித்தே வெளியே வர வேண்டும். கைப்பேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அக்டோபர் முதல் மே வரை, அதாவது நல்ல பருவத்தில், பகல் நேரத்தில் அந்தச் சாலைக்குள் நுழைய முன்பதிவு வேண்டும். கோடையில் வேண்டாம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் விடுதியில் நிதானமாகக் காலை உணவை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குப் புறப்படுகிறார்கள். அந்த வாயில் காலை 6 மணிக்கே திறந்துவிடும். ஆறு மணி வெளிச்சத்தில்தான் அந்தப் பாறைகளின் உண்மையான நிறம் தெரியும் என்பது வேறு விஷயம்.

இனிச் சொல்லப்போவதைச் சுற்றுலாக் கையேடு எதிலும் பார்க்க மாட்டீர்கள்.

மகனும் மருமகளும் காப்பீட்டுத் தாளோடு வெளியே போனதும், அவருடைய மனைவி என் கையைப் பிடித்து அருகே இழுத்தார். "உன்னிடம் சொல்வதற்கென்னம்மா. காலையில் ஆளுக்கு ஒரு காபி குடித்தோம், அவ்வளவுதான். வழியில் ஒதுங்க இடம் இருக்குமோ இருக்காதோ. இவருக்குச் சர்க்கரை வேறு, அடிக்கடி போக வேண்டும். பிள்ளையிடம் நிறுத்து, நிறுத்து என்று எத்தனை தடவைதான் சொல்வது?"

தண்ணீர் காரில் இருந்தது. இருபத்து நான்கு பாட்டில் கொண்ட முழுக் கட்டு, பிரிக்காமல். மகன் அதை வாங்கி வைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்திருக்கிறார். பெற்றோர் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

இந்தக் கதையைப் பல குடும்பங்களில் கேட்டுவிட்டேன். கழிவறைகள் இல்லாமல் இல்லை. பார்வையாளர் மையத்திலும் சுற்றுச்சாலையின் சில நிறுத்தங்களிலும் இருக்கின்றன. ஆனால் நிறுத்தங்களில் இருப்பவை உலர் கழிவறைகள்: கீழே குழி, பக்கத்தில் காகிதம், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நம் பெரியவர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அதன்பிறகு தண்ணீர் பாட்டிலைத் தொடவே மாட்டார்கள். தீர்வு மிகச் சின்னது. கழுவிக்கொள்வதற்கென்று தனியாக ஒரு மூக்கு வைத்த பாட்டில் தண்ணீர், காரில், அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில். பிறகு, அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் இறங்கி, "நான் போய்விட்டு வருகிறேன், அப்பா நீங்களும் வாருங்கள்" என்று சொல்லுங்கள். வெட்கம் பாதி அங்கேயே போய்விடும்.

மாத்திரைகளுக்கு வருகிறேன். அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து அட்டைகளை எடுத்துப் படுக்கையில் பரப்பினார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான், பெயருக்குப் பின்னால் 'எச்'. அந்த ஓரெழுத்துதான் ஹைட்ரோகுளோரோதயசைடு, நீரைப் பிரித்து வெளியேற்றும் மருந்து. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின். 2020இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததும் விலை இறங்கியது; இப்போது ஊரிலிருந்து வரும் பலருடைய பையில் இருக்கிறது. நல்ல மருந்துதான், ஆனால் சர்க்கரையைச் சிறுநீர் வழியே தள்ளும்போது நீரையும் கூடவே இழுத்துச் செல்லும். அன்று காலை, "நடக்க வேண்டியிருக்குமே" என்று முழங்கால் வலிக்கு அசெக்ளோஃபெனாக் ஒன்றும் போட்டிருக்கிறார்.

சிறுநீரகத்தை ஒரு குளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை வரத்துக்காலைச் சுருக்குகிறது. டெல்மிசார்டான் போக்குக்காலை அகலப்படுத்துகிறது. நீர் மாத்திரையும் வெயிலும் சேர்ந்து ஆற்றையே வற்ற வைக்கின்றன. சிறுநீரகம் வடிகட்டாத கழிவு ரத்தத்தில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, ஊரில் அவருக்கு 1.1, அந்தப் பிற்பகலில் 2.6. வேறொரு நாளில் தனித்தனியாக இந்த மாத்திரைகள் எதுவும் அவரை ஒன்றும் செய்திருக்காது.

தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பயணத்துக்கு முன்பே அவர்களுடைய மருத்துவரிடம் கேளுங்கள்: கடும் வெயில் நாளிலும், வாந்தி வயிற்றுப்போக்கு வந்தாலும் எதை நிறுத்தி வைக்கலாம், எதைத் தொடர வேண்டும். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதயத்துக்காக நீர் அளவு குறைக்கப்பட்டவர்களாக இருந்தால், எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். மூட்டுவலி மாத்திரை மட்டும் பாலைவனத்துக்கு வேண்டவே வேண்டாம்.

வெறும் தண்ணீரைக் கேலன் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. 'எச்' மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் சடசடவென இறங்கும். உப்புப் போட்ட நீர்மோரைக் குளிர்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள், அதற்கு மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் என்றால் பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். அரை பாட்டிலில் கொட்டிக் கெட்டியாகக் கலக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். சர்க்கரை ஏறிவிடுமோ என்று பயந்து தவிர்க்கத் தேவையில்லை. இன்சுலினைக் காரில் விட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால் நிழல், ஓய்வு, நீர். ஆனால் பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, சாதுவான மனிதர் திடீரென எரிந்து விழுந்தாலோ அது வெப்பத் தாக்குக்கான அறிகுறி. 911ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, கையில் கிடைத்த வரைபடத்தாளால் விசிறுங்கள். நீரைக் களவாடிய அதே வறண்ட காற்று இப்போது உங்களுக்காக வேலை செய்யும். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இதற்குக் கேட்காது. இது காய்ச்சல் அல்ல.

அவர் இரண்டு இரவு எங்களிடம் இருந்தார். சலைன் ஏறியது, சிறுநீர் பிரிந்தது, மூன்றாம் நாள் கிரியாட்டினின் 1.4க்கு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பும் தாளில் கையெழுத்திடும்போது அவர் கேட்டார்: "ஆறு மைல்தான் உட்கார்ந்து பார்த்தேன். மீதி ஏழு மைலும் பின் இருக்கையில் படுத்துக்கொண்டே வந்தேன், வானம்தான் தெரிந்தது. அங்கே என்னம்மா இருக்கிறது?" தாளின் பின்பக்கத்தில் சுற்றுச்சாலையை வரைந்து, ஐஸ் பாக்ஸ் பள்ளத்தாக்கையும் பைன் க்ரீக்கையும் குறித்துக் கொடுத்தேன். மேலே பெரிதாக "காலை 6 மணி" என்று எழுதினேன், மகன் பார்க்கும்படி.