சபை இருக்கிற தெருவுக்கு சபையால என்ன பிரயோஜனம்?

நான் மதுரையில சமூகப் பணியாளரா வேலை பாக்குறேன். குடிசைப் பகுதி குடும்பங்க, வீட்டுல படுத்த படுக்கையா கிடக்கிற பெரியவங்க, படிப்பைப் பாதியில விட்ட பிள்ளைங்க, இவங்களோடதான் என் பொழுது போகுது. நானும் கிறிஸ்தவ சபைக்குப் போற ஆளுங்கிறதால அப்பப்ப ஏதாவது ஒரு சபைக் கமிட்டி கூப்பிட்டு "எங்க ஏரியாவுக்கு ஏதாவது செய்யணும், ஒரு ஐடியா குடுங்க"ன்னு கேப்பாங்க. நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: உங்க காம்பவுண்ட் சுவருக்கு அடுத்த வீட்டுல யாரு இருக்கா, அவங்க பேரு என்ன? பெரும்பாலும் பதில் வராது. செக்ரட்டரி பொருளாளரைப் பாப்பாரு, பொருளாளர் ஆயரை (சபைப் போதகரை) பாப்பாரு, கடைசியில வெளிய நிக்கிற வாட்ச்மேனைக் கூப்பிட்டாதான் தெரியும்.

இதுக்குக் காரணம் இருக்கு. டவுனுக்குள்ள இருக்கிற பழைய சபைகளைப் பாருங்க, ஒரு காலத்துல அந்தத் தெருவுலயும் பக்கத்துத் தெருவுலயும் குடியிருந்தவங்கதான் சபையா இருந்தாங்க, அப்புறம் பிள்ளைங்க படிச்சு வேலைக்குப் போய் இடம் வாங்கி திருநகர், விளாங்குடி, அய்யர் பங்களா, ஒத்தக்கடைன்னு அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டாங்க, ஆனா ஞானஸ்நானம் எடுத்த கோயில், அப்பா அம்மாவை அடக்கம் பண்ணின கல்லறைத் தோட்டம் எல்லாம் இங்கதான்ங்கிறதால ஞாயித்துக்கிழமை கார்லயும் டூவீலர்லயும் வந்து ஆராதனை முடிஞ்சதும் கிளம்பிடுறாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தத் தெருவுல இருக்கிறவங்களுக்கு சபைன்னா என்ன? வாசலை மறிச்சு நிக்கிற வண்டி, மைக் சத்தம், மிச்ச ஆறு நாளும் பூட்டிக் கிடக்கிற கேட்டு. இவ்ளோதான்.

மதுரைச் சபைகளுக்கு இதைப் புதுசா யாரும் வந்து சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல. 1834ல அமெரிக்கன் மிஷன்காரங்க இங்க வேலையை ஆரம்பிச்சப்பவே ஆராதனையோட பள்ளிக்கூடமும் மருத்துவமும் சேர்ந்துதான் வந்துச்சு. 1881ல பசுமலையில தொடங்கின காலேஜுதான் இன்னைக்கு அமெரிக்கன் காலேஜ், 1948ல லேடி டோக் காலேஜ் வந்துச்சு, எல்லா சாதி மதத்துப் பிள்ளைங்களும் அங்க படிச்சு வெளிய வந்திருக்காங்க. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு, "சேவையெல்லாம் காலேஜும் ஆஸ்பத்திரியும் பாத்துக்கும்"னு சபை நைசா ஒதுங்கிக்குது.

1947 செப்டம்பர் 27, பல புராட்டஸ்டன்ட் சபைகள் ஒண்ணாச் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்த அன்னைக்கே மதுரை-ராமநாதபுரத்துக்குப் பேராயரா (பிஷப்பா) அபிஷேகம் ஆனவர் லெஸ்லி நியூபிகின். அப்ப வயசு 37. 1959 வரைக்கும் இங்க இருந்தாரு. சபை அதோட அங்கத்தினர்களுக்காக மட்டும் இல்ல, அது நிக்கிற இடத்துக்காகவும் இருக்கு, ஊர்க்காரங்களுக்கு சுவிசேஷம் புரியறதே அந்தச் சபை ஜனங்க வாழற விதத்தைப் பாத்துத்தான், இதுதான் அவர் கடைசி வரைக்கும் வலியுறுத்தின விஷயம். இங்கிலாந்துக்குத் திரும்பின பிறகு, எழுபது வயசுல, பர்மிங்ஹாம்ல வின்சன் கிரீன்ங்கிற ஏழை ஜனங்க பகுதியில ஜெயிலுக்கு எதிர்ல இருந்த ஒரு சின்ன சபைக்கு, அதை மூடிடலாமான்னு மேல பேசிக்கிட்டிருந்த நேரத்துல, ஆயராப் போய் உக்காந்தாரு. பேராயரா இருந்த மனுசன். அவர் பேசினதையும் எழுதினதையும் விட இதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

சரி, நடைமுறைக்கு வருவோம். நான் முதல்ல பேசுறது ஸ்பீக்கரைப் பத்திதான், சில பேருக்கு மூஞ்சி சுண்டிப்போகும், பரவாயில்ல. 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் வெளிய ஸ்பீக்கர் போடக்கூடாது, குடியிருப்புப் பகுதியில பகல்லயே 55 டெசிபல்தான் அளவு. அதே வருசம் சென்னையில ஒரு சபைக்கும் பக்கத்துக் குடியிருப்புக்காரங்களுக்கும் நடந்த வழக்குல சுப்ரீம் கோர்ட், அடுத்தவங்க நிம்மதியைக் கெடுத்து ஜெபம் பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலன்னு தெளிவா தீர்ப்பு குடுத்துச்சு. மத்தவங்களும்தான் போடுறாங்கன்னு பதில் சொல்லாதீங்க, நாம நம்ம கணக்கைப் பாப்போம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலக் கூட்டமும் ப்ளஸ் டூ பரீட்சையும் மார்ச்சுல ஒண்ணா வருது. பக்கத்து வீட்டுப் பொண்ணு காதுல பஞ்சை வச்சுக்கிட்டு கெமிஸ்ட்ரி படிச்சா, நீங்க உள்ள அன்பைப் பத்தி எவ்ளோ நல்லா பிரசங்கம் பண்ணினாலும் அந்த வீட்டுக்கு அது சத்தமாத்தான் போய்ச் சேரும். வெளிப்பக்க பாக்ஸைக் கழட்டிட்டு உள்ள மட்டும் வச்சுக்கங்க. செலவே இல்லாம செய்யக்கூடிய முதல் ஊழியம் இது.

அடுத்தது நடக்கிறது. கேட்டுல இருந்து பத்து நிமிசம் நடந்தா எவ்ளோ தூரம் போகுமோ அதுதான் உங்க ஏரியா. நாலு பேர் சேர்ந்து, நோட்டீஸும் இல்லாம பேனரும் இல்லாம, சாயங்காலம் நடங்க. ரேஷன் கடை எங்க, அங்கன்வாடி டீச்சர் யாரு, ஆட்டோ ஸ்டாண்டுல எத்தனை பேரு, பைப்புல தண்ணி எப்ப வருது, எந்த வீட்டுல படுக்கையில ஆள் கிடக்கு. இதெல்லாம் வார்டுக்கு வர்ற தூய்மைப் பணியாளருக்கும் இஸ்திரி போடுற அண்ணனுக்கும் தெரியும், அவங்ககிட்ட கேளுங்க. கத்தோலிக்கப் பங்குகள்ல அன்பியம்னு தெருவாரியா குழு ஏற்கனவே இருக்கு, ஏழைங்களுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபைக்காரங்க வீடு வீடாப் போய் பாக்குறதும் ரொம்ப கால வழக்கம், அங்கெல்லாம் இந்த வேலை பாதி முடிஞ்ச மாதிரி. ஆனா அன்பியக் கூட்டம் நம்ம வீடுகளுக்குள்ளயே சுத்தி வந்துச்சுன்னா அதுவும் பத்தாது.

அழகர்கோயில் ரோட்டுப் பக்கம் ஒரு சபையில நான் கூட இருந்து பாத்த ஒரு விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்றேன். சித்திரைத் திருவிழாவுல, மதுரைக்கு வர்ற கள்ளழகரை ஜனங்க எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை ராத்திரி அந்த ரோடு எப்படி இருக்கும்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மேலூர் பக்கம், நத்தம் பக்கம்னு கிராமங்கள்ல இருந்து வந்த ஜனம் விடிய விடிய ரோட்டுலதான். மோருக்கும் பானகத்துக்கும் பஞ்சமே இருக்காது, தெருவுக்குத் தெரு பந்தல் போட்டிருப்பாங்க. பொம்பளைங்களுக்குக் கக்கூஸ்தான் இல்ல. தண்ணி குடிச்சா ஒதுங்கணுமேன்னு குடிக்காமலே நடக்கிறவங்க நிறைய. சபை காம்பவுண்டுக்குள்ள நாலு கழிப்பறை சும்மா கிடக்கு, அன்னைக்கு ராத்திரி கேட்டைத் திறந்து வைப்போமான்னு கமிட்டியில பேச்சு வந்துச்சு. ஒரு மூப்பர் எந்திரிச்சு "இது விக்கிரக ஆராதனைக்குத் துணை போறது ஆகாதா"ன்னு கேட்டாரு, மனசாரத்தான் கேட்டாரு. பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஒரு பெரியம்மா மெதுவா சொன்னாங்க, "ஏம்ப்பா, ராத்திரி பூரா நடந்து வந்தவளுக்கு ஒதுங்க இடம் குடுக்கிறதுல எங்கப்பா விக்கிரகம் இருக்கு?" அதோட பேச்சு முடிஞ்சுது.

தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாங்க, போற வழியில பல்பு கட்டினாங்க, டிரம்முல தண்ணி ரொப்பி வாளியும் கப்பும் வச்சாங்க, நாப்கின் பாக்கெட் ஒரு அட்டைப்பெட்டியில. சங்கத்து அம்மாக்கள் ரெண்டு ரெண்டு பேரா முறை போட்டு உக்காந்தாங்க, ஆம்பளைங்க கேட்டோட சரி. ஒரு பாட்டி கேட்டுல நின்னு "உள்ள வர செருப்பைக் கழட்டணுமாம்மா?"ன்னு கேட்டுச்சு. "வேணாம் ஆத்தா, ஈரமா இருக்கும், போட்டுட்டே போங்க"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. யாரும் யாருக்கும் துண்டுப் பிரதி குடுக்கல. அடுத்த வருசம் பக்கத்துக் கடைக்காரர் ஒருத்தர் அவராவே வந்து தண்ணி லாரிக்குப் பணம் குடுத்தாரு, அவர் நெத்தி நிறைய விபூதி.

இதே மாதிரி மழைக்காலத்துக்கும் முன்கூட்டியே பேசி வைக்கணும். 2024 அக்டோபர் மழையில செல்லூர், நரிமேடு பக்கமெல்லாம் தண்ணி புகுந்துச்சே, அந்த மாதிரி ராத்திரி சபை ஹால் சாவி யார் கையில இருக்கும், யார் திறந்து விடணும், ஜெனரேட்டர்ல டீசல் இருக்கான்னு அக்டோபருக்கு முன்னாடியே ஒரு முடிவு வேணும். தண்ணி வந்தப்புறம் கமிட்டி கூட்ட முடியாது.

அசனம், அதான் சபையில போடுற பொது விருந்து, அதைப் பத்தியும் சொல்லணும். எத்தனையோ ஊர்ல அசனம்னா சாதி மதம் பாக்காம ஊரே உக்காந்து சாப்பிடுற நாளு. டவுனுல சில இடத்துல சந்தா கட்டினவங்களுக்கு டோக்கன்னு ஆயிப்போச்சு. எச்சில் இலையை அள்ள மறுநாள் வர்ற அக்காவுக்கு டோக்கன் கிடையாது. அவங்களைப் பந்தியில முதல் வரிசையில உக்கார வச்சுப் பரிமாறுங்க, மிஞ்சினதைப் பொட்டலம் கட்டிக் குடுக்கிறது வேற, இது வேற. இன்னொண்ணு, சபைக்குள்ளயே சாதி பாத்து உக்காருற பழக்கமும் கல்லறையில தனித்தனி இடமும் இருக்குன்னா தெருவுல யாரும் உங்களை நம்ப மாட்டாங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும்.

"மதம் மாத்தத்தான் வர்றாங்க"ங்கிற சந்தேகம் இருக்கத்தான் செய்யும். அதுக்கு ஒரே பதில், உதவியில எந்தக் கண்ணியும் வைக்காம இருக்கிறது. அரிசிப் பையில வசனம் வேணாம், ஜெபத்துக்கு உக்காந்தாதான் டியூஷன்னு வேணாம், ஏழை வீட்டு அம்மா கையில பை குடுக்கிறதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடவே வேணாம். ஏன் இதெல்லாம் செய்றீங்கன்னு யாராவது கேட்டா அப்ப ஒளிக்காம சொல்லுங்க, கேக்கிறவங்களுக்கு சாந்தமா பதில் சொல்லத்தான் பைபிள்ல பேதுருவும் சொல்றாரு. பாபிலோனுக்குக் கைதியாப் போன ஜனத்துக்கு எரேமியா எழுதின கடிதத்துலயும் (29ஆம் அதிகாரம்) இதைத்தான் பாக்குறேன், வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, நீங்க இருக்கிற பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க. அந்தப் பட்டணம் அவங்க சாமியைக் கும்பிட்ட பட்டணம் இல்ல.

சாயங்கால டியூஷன் ஆரம்பிக்கிற சபைகளுக்கு மட்டும் கடைசியா கொஞ்சம் கறாரா சொல்றேன். பிள்ளைங்க இருக்கிற ரூம்ல எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், கதவு திறந்தே இருக்கணும், பெத்தவங்க சம்மதம் எழுத்துல வாங்கணும், பிள்ளைங்களைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து பாதுகாக்கிற போக்சோ சட்டம் 2012ல இருந்து இருக்கு, பாடம் எடுக்கிற எல்லாருக்கும் அதைச் சொல்லிக்குடுத்த பிறகுதான் பிள்ளைங்களைச் சேக்கணும். ஜூன்ல ஆரம்பிச்சா மார்ச் பரீட்சை முடியிற வரைக்கும் நடத்த ஆள் இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க. கிறிஸ்மஸ் வேலை வந்துருச்சுன்னு டிசம்பர்ல நிறுத்துறதா இருந்தா ஆரம்பிக்கவே வேணாம், அரையாண்டு லீவு முடிஞ்சு புக்கைத் தூக்கிட்டு வந்து பூட்டின கேட்டைப் பாத்துட்டுத் திரும்பிப் போற பிள்ளை மறுபடி வராது.