உப்பும் சர்க்கரையும் ஒரே வழியில்

சென்னையில் எந்த மருந்துக்கடை வாசலில் நின்றாலும் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஒரே சீட்டில் எழுதி வருவதைப் பார்க்கலாம். வயதானால் இரண்டும் சேர்ந்து வரும் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் தொப்பையும் விழுந்த உடலில் இவ்விரண்டையும் முடிச்சுப் போடும் இடம் ஒன்று உண்டு. அது சிறுநீரகம்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. ஒன்றிரண்டு லிட்டர் மட்டும் சிறுநீராகிறது. மற்றதெல்லாம் ரத்தத்துக்கே திரும்புகிறது. கூடவே வடிந்த குளுக்கோஸில் பெரும்பகுதியை மீட்பது எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம். அது குளுக்கோஸைத் தனியே தூக்காது. ஒவ்வொரு மூலக்கூறோடும் ஒரு சோடியம் அயனியையும் இழுத்து வரும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மீட்பும் ஏறும், உப்பு தங்கும், உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் தங்கும்.

தொப்பைக் கொழுப்பும் சும்மா கிடப்பதில்லை. அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், நரம்புகளை முடுக்கி ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. இன்சுலினின் கதை இன்னும் விசித்திரம். பருத்த உடலில் சர்க்கரையைக் குறைக்கும் வேலையில் அது திணறுகிறது. ஆனால் உப்பைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகத்தை ஏவுவதில் அதன் அதிகாரம் குறைவதே இல்லை.

இனிதான் கெடுதல். சிறுநீரக நுண்குழாயின் முன்பகுதியிலேயே உப்பு உறிஞ்சப்படுவதால், சற்றுத் தள்ளி இருக்கும் உணர்செல்களுக்குக் குறைந்த உப்பே வந்து சேர்கிறது. ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று அவை தப்புக்கணக்குப் போட்டு, வடிகட்டிக்குள் வரும் நாளத்தை விரித்துவிடுகின்றன. வெளியேறும் நாளத்தையோ ஆஞ்சியோடென்சின் என்ற வேதிப்பொருள் சுருக்குகிறது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்த கதைதான். நடுவில் மாட்டிய வடிகட்டி நைந்து, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் கசியத் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் அந்தக் கட்டைவிரலை எடுத்துவிடுகின்றன. உள்ளழுத்தம் தணியும்போது ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு சற்றே ஏறலாம். அறிக்கையைப் பார்த்து, "மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துவிட்டது" என்று தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. 30 சதவீதத்துக்குள் ஏறினால் பொதுவாக மருந்தைத் தொடர்வதே வழக்கம். அதைத் தாண்டினால் மருத்துவர் காரணம் தேடுவார். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் எஸ்ஜிஎல்டி2-ஐயே தடுக்கின்றன: சர்க்கரையும் உப்பும் சேர்ந்தே வெளியேறும். காப்புரிமை முடிந்தபின் இங்கே டாபாகிளிஃப்ளோசினின் விலையும் இறங்கியிருக்கிறது.

ரத்த அழுத்தத்தைக் குறைப்பதன் பலன் சின்னதல்ல. 1998-இல் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் சராசரி அழுத்தத்தை 154/87-க்குப் பதில் 144/82-இல் வைத்திருந்ததிலேயே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. இன்றைய பொது இலக்கு 130/80-க்குக் கீழ்.

அந்த எண்ணைச் சரியாக அளக்க வேண்டுமே! பருத்த கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் ஒட்டுத்துணி நுனியில் பிய்த்துக்கொண்டு நிற்கும். அழுத்தம் இருப்பதைவிட அதிகமாகவே காட்டும். பெரிய பட்டை கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாடிப்படி ஏறிவந்த மூச்சோடு கையை நீட்டாமல் ஐந்து நிமிடம் உட்காருவதும் நல்லது.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் அழுத்தமும் சுமார் ஒரு புள்ளி இறங்கும். உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. சாம்பார், ரசத்தில் கைவைக்குமுன் அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கருவாட்டைக் குறைப்பது எளிது என்பது என் கட்சி. கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதில் சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கு, அதுவும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பையே குலைத்துவிடலாம்.